மொறிஸ் றிஷார்: ஓர் ஆட்டக்காரரும் ஒரு மக்கள் கூட்டமும்

கனடாவின் மொன்றியல் நகரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி அரச மரியாதையுடன் ஓர் இறுதிச் சடங்கு நடைபெற்றது. மறைந்தவர் முதலமைச்சர் அல்லர். படைத் தளபதியும் அல்லர். புகையிரதத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். பனித்தரையில் மரத்தடி பிடித்து ஹொக்கி விளையாடி வாழ்ந்தவர். முதல் நாள் அவரது பூதவுடல் வைக்கப்பட்டிருந்த அரங்கிலே ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அவர் பனித்தளத்தை விட்டு இறங்கி அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வரிசையில் நின்றவர்களுள் பலர் அவர் ஆடியதை ஒருபோதும் நேரிற் கண்டிராதவர்கள்.

மொறிஸ் றிஷார் என்பது அவரது பெயர். ஆங்கிலம் பேசுவோர் 'ரிச்சர்ட்' என்பார்கள். பிரெஞ்சு பேசுவோர் 'றிஷார்' என்பார்கள். ஒரு பெயரை உச்சரிக்கும் விதத்திலேயே பேசுபவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் நாடுகள் உலகிற் பல உண்டு. அவருடைய காலத்து மொன்றியலும் அப்படியானதொரு நகரம்தான்.

மொன்றியல் தமிழர்களுக்குப் புதிய ஊரன்று. 1986ஆம் ஆண்டு ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்து மீனவர்களால் மீட்கப்பட்ட 155 தமிழர்களிற் பலர் பின்னர் வந்து சேர்ந்த நகரங்களில் அதுவும் ஒன்று. கொத்-டெ-நேஜ் என்ற பகுதியில் எங்கள் கடைகளையும் எங்கள் பேச்சையும் காணலாம், கேட்கலாம். 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுமொழிப் பாடசாலைகளிலேயே பயில வேண்டியிருப்பதால், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும் வெளியில் பிரெஞ்சும் பேசும் ஒரு தலைமுறை அங்கு வளர்ந்திருக்கிறது. அதே பகுதியை ஒட்டியுள்ள நொத்ர்-டாம்-டெ-நேஜ் மயானத்திலேதான் றிஷார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உறவினர் வீடொன்றில் தங்கியிருந்த நாட்களில் அந்த மயானத்துக்கு நான் போனேன். கூட வந்த மருமகன், "மாமா, இஞ்சை வந்து விளையாட்டுக்காரற்றை கல்லறையையே பாக்கப் போறியள்?" என்று சிரித்தான். விளையாட்டுப் பக்கத்திலே தொழிலைப் பழகி, பின்னர் செய்திப் பக்கத்துக்கு மாறியவன் நான். இரண்டு பக்கங்களுக்கும் இடையிலே சுவர் எதுவும் இல்லை என்பதற்கு இந்த மனிதரின் வாழ்வைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். பனித்தளத்தில் ஒரு தரப்புக்குக் கோல் காப்பாளர் உட்பட ஆறு பேர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமுள்ள கடினமான இறப்பர் வட்டு. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டக்காரர்கள் ஏறி இறங்கி மாறிக்கொள்வார்கள். அந்த வேகத்தில் ஒருவர் தொடர்ச்சியாக ஒரு நிமிடம் ஆடினாலே மூச்சுத் திணறும். றிஷாரின் காலத்தில் தலைக்கவசம் அணிவது வழக்கமன்று. கோல் காப்பாளர்கூட வெறும் முகத்துடன் நின்ற காலம் அது.

1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆந் திகதி மொன்றியலில் பிறந்த றிஷார், 1942இல் கனேடியன்ஸ் அணியிற் சேர்ந்தார். பதினாறு ஆட்டங்களிலேயே கால் முறிந்தது. அதற்கு முன்னரே கணுக்காலும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. உலகப் போருக்குச் செல்ல விண்ணப்பித்தபோது, எலும்புகள் சரியில்லை என்று இராணுவம் அவரைத் திருப்பி அனுப்பியது. கண்ணாடி எலும்புக்காரர் என்று கைவிடப்படவிருந்த அந்த இளைஞர், 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்களைப் போட்டார். அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. ஐம்பது ஆட்டங்களுக்குள் ஐம்பது கோல் என்பதை மீண்டும் ஒருவர் எட்டுவதற்கு 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பருவத்தில் ஒரு நாள், 1944 டிசெம்பர் 28. அன்று பகல் முழுவதும் அவர் வீடு மாறிக்கொண்டிருந்தார். பியானோ உள்ளிட்ட தளபாடங்களைத் தாமே சுமந்தார். மாலையில் உடைமாற்றும் அறைக்கு வந்து, களைத்துவிட்டேன் என்று மேசையிற் படுத்துவிட்டார். அன்றிரவு டிற்றோயிட் அணிக்கு எதிராக ஐந்து கோல்களைப் போட்டதுடன் மேலும் மூன்று கோல்களுக்கு வழிசெய்து புதிய சாதனை படைத்தார். புகழின் உச்சியில் இருந்த ஆட்டக்காரர் தம் வீட்டுச் சாமான்களைத் தாமே தூக்கிய காலம் அது என்பதையும் இந்தச் சம்பவம் சொல்கிறது.

1952 ஏப்ரில் 8ஆந் திகதி, பொஸ்ரன் அணிக்கு எதிரான தீர்க்கமான ஏழாவது ஆட்டத்தில் அவர் அடிபட்டு நினைவிழந்து விழுந்தார். தலையில் கட்டுடன் திரும்பி வந்து வெற்றிக் கோலைப் போட்டார். ஆட்டம் முடிந்தபின் பொஸ்ரன் கோல் காப்பாளருடன் அவர் கைகுலுக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. றிஷாரின் முகத்திலே இரத்தம் வழிகிறது. எதிரில் நிற்பவர் சற்றே குனிந்து அவரது கையைப் பற்றியிருக்கிறார். பத்திரிகைப் புகைப்படம் என்ன செய்ய வல்லது என்று இளம் நிருபர்களுக்குக் காட்டுவதற்கு அந்த ஒரு படமே போதுமானது.

றிஷார் பத்திரிகையிலும் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சு வார இதழொன்றில் அவரது பெயரில் ஒரு பத்தி வெளிவந்தது. சக ஆட்டக்காரர் பேர்னார் ஜொஃப்றியோன் மீது எட்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டபோது, அந்தப் பத்தியில் ஹொக்கி லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் காம்பெலை அவர் சர்வாதிகாரி என்று சாடினார். விளைவு என்ன? 1954இன் தொடக்கத்தில் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று, ஆயிரம் டொலர் பிணை கட்ட வேண்டியதாயிற்று, பத்தியும் நின்றுபோயிற்று. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு நிலையான தொழிற்சங்கம் இருக்கவில்லை. 1957இல் எடுக்கப்பட்ட முயற்சி முறியடிக்கப்பட்டது. 1967இலேதான் சங்கம் நிலைபெற்றது. கையிலிருந்து பேனா பறிக்கப்பட்ட அந்த மனிதர் மனதிலே என்ன வைத்திருந்தார் என்பதை, அதே அனுபவத்தை வேறு விதங்களிற் கண்ட எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1955 மார்ச் 13ஆந் திகதி பொஸ்ரன் நகரில் அது வெடித்தது. எதிரணியைச் சேர்ந்த ஹால் லேகோவின் தடி பட்டு றிஷாரின் தலை பிளந்தது. றிஷார் தமது தடியால் லேகோவைத் திரும்பத் திரும்பத் தாக்கினார். தம்மைப் பிடித்து நிறுத்த முயன்ற கோட்டு நடுவர் கிளிஃப் தொம்ஸனையும் கைமுட்டியாற் குத்தினார். நடுவர் ஒருவர் மீது அவர் கைவைத்தது அந்தப் பருவத்தில் அது முதற்தடவையன்று. தண்டனைக்குரிய குற்றம் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. மார்ச் 16இல் காம்பெல் தீர்ப்பளித்தார்: பருவத்தின் எஞ்சிய மூன்று ஆட்டங்களிலும் அதன் பின்னர் வரும் கிண்ணப் போட்டிகள் அனைத்திலும் றிஷார் ஆடக் கூடாது.

தண்டனையின் அளவைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் கியூபெக் மக்கள் அதை ஹொக்கித் தண்டனையாகக் கேட்கவில்லை. மாகாணத்தின் பெரும்பான்மையினர் பிரெஞ்சு பேசுவோர். ஆயினும் வங்கி, தொழிற்சாலை, பெருங்கடைகள் ஆகியவற்றின் மேலிடங்களில் ஆங்கிலமே கோலோச்சியது. வேலை வேண்டுமானால் முதலாளியின் மொழியிற் பேச வேண்டும். அந்த மக்களில் ஒருவன், அவர்களைப் போலவே ஆங்கிலம் தடுமாறப் பேசியவன், பனித்தளத்தில் எவருக்கும் தலைவணங்காதவனாக இருந்தான். இப்போது அவனை ஆங்கிலம் பேசும் அதிகாரி ஒருவர் தண்டித்துவிட்டார் என்றே அவர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டே எங்கள் நாட்டில் மொழி எப்படியானதொரு தீயை மூட்டியது என்பதைக் கண்டவர்களுக்கு, ஒரு விளையாட்டுத் தீர்ப்பு எப்படி மானப் பிரச்சினையாக மாறும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 17ஆந் திகதி மாலை, எச்சரிக்கைகளை மீறிக் காம்பெல் ஃபோரம் அரங்குக்கு ஆட்டம் பார்க்க வந்தார். முட்டைகளும் தக்காளிகளும் பறந்தன. கைகுலுக்க வந்தவர்போல் நெருங்கிய ஒருவர் அவரை அறைந்தார். முதற்பகுதி முடிவில் டிற்றோயிட் 4-1 என முன்னணியில் இருந்தபோது அரங்கினுள் கண்ணீர்ப்புகைக் குண்டொன்று வெடித்தது. ஆட்டம் டிற்றோயிட்டுக்கு வழங்கப்பட்டது. அரங்கிலிருந்து வெளியேறிய கூட்டமும் வெளியே திரண்டிருந்த கூட்டமும் சேர்ந்து சென்-கத்தரீன் வீதியின் கடைக் கண்ணாடிகளை நொறுக்கிக்கொண்டு சென்றன. பலர் காயமடைந்தனர், பலர் கைதாயினர். நல்வினையாக உயிரிழப்பு எதுவும் இல்லை.

அடுத்த நாள் மாலை றிஷார் வானொலியிற் பேசினார். தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும், அமைதி காக்கும்படியும், அடுத்த ஆண்டு திரும்பிவந்து கிண்ணத்தை வெல்ல உதவுவதாகவும் சுருக்கமாகச் சொன்னார். நகரம் அடங்கியது. தம்மைக் கேட்காமலேயே தம் பெயரிற் கிளம்பிய கூட்டத்தைத் தம் பெயரைக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மேடையையும் முழக்கத்தையும் நம்பி வாழும் எத்தனையோ தலைவர்களால் முடியாத காரியம் இது. அவரோ தம்மைத் தலைவராக ஒருபோதும் கருதியதில்லை. தாம் ஒரு ஹொக்கி ஆட்டக்காரர் மட்டுமே என்றுதான் இறுதிவரை சொல்லிவந்தார்.

நான்கு நாட்களின் பின் 'லெ துவுவார்' பத்திரிகையில் அந்த்ரே லோறாந்தோ ஒரு கட்டுரை எழுதினார். 'கடமை' என்பது அந்தப் பத்திரிகைப் பெயரின் பொருள். ஒரு மக்கள் கூட்டத்தின் அடக்கிவைத்த உணர்வு ஹொக்கியிலே புகலிடம் தேடியிருக்கிறது என்பது அவரது வாதத்தின் சாரம். கலகத்தை அவர் புகழவும் இல்லை. இது வெறும் காடைத்தனம் என்று ஒதுக்கிவிடவும் இல்லை. 1963இல் இருமொழிக் கொள்கை பற்றிய அரச ஆணைக்குழுவுக்கு இணைத் தலைவராக நியமிக்கப்பட்டவரும் இதே லோறாந்தோதான். 1960இல் கியூபெக்கிற் தொடங்கிய பெரும் மாற்றங்களின் முதற்பொறி அந்த மார்ச் இரவே என்று சொல்வோர் உண்டு. அது மிகைப்படுத்தல் என்று மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது தரப்பின் தயக்கம் பிடிக்கிறது. வரலாறு ஓர் இரவிற் தொடங்குவதில்லை. ஆனால் சில இரவுகளில் அது வெளியே தெரிகிறது.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது கண்ணாடிகள் நொறுங்கிய இரவு அன்று. அதற்குப் பின்னர் நடந்ததே. றிஷார் தடைசெய்யப்பட்டபோது அந்தப் பருவத்தின் புள்ளிப் பட்டியலில் அவரே முதலிடம். வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்தப் பட்டத்தை வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். எஞ்சிய ஆட்டங்களில் அவரது சக ஆட்டக்காரரான ஜொஃப்றியோன் கோல் போட்டு 75 புள்ளிகளை எட்டினார். றிஷார் 74. பட்டம் ஜொஃப்றியோனுக்குச் சென்றது. றிஷாருக்கு அது கடைசிவரை கிட்டவில்லை.

மொன்றியல் இரசிகர்கள் ஜொஃப்றியோனைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அவரும் பிரெஞ்சு பேசும் மொன்றியல்காரர்தான். றிஷார் தமது பத்தியை இழந்ததே அவருக்காக எழுதித்தான். அணி வெல்ல வேண்டுமானால் கோல் போட வேண்டும், போட்டால் துரோகி. அந்தச் சொல்லுக்கு நம்மிடையே உள்ள வரலாற்றை நான் இங்கு விரிக்கப் போவதில்லை. வாசகர்கள் அறிவார்கள். அநீதி இழைக்கப்பட்டோம் என்ற உணர்வு எவ்வளவு நியாயமானதாயினும், அது எதிராளியை அடைய முடியாதபோது பக்கத்தில் நிற்கும் தன் ஆளை நோக்கியே கை ஓங்கும். தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர்களே முதலில் அடிபடுவார்கள்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். றிஷார் வாக்களித்தபடியே திரும்பி வந்தார். 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கனேடியன்ஸ் அணி ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. 1957 ஒக்டோபரில் 500 கோல்களை எட்டிய முதல் ஆட்டக்காரரானார். எட்டுக் கிண்ணங்கள், 978 ஆட்டங்கள், 544 கோல்கள் என்ற கணக்குடன் 1960இல் ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பிந்திய வாழ்க்கை அவ்வளவு ஒளிமிக்கதன்று. அணியுடன் மனஸ்தாபம் ஏற்பட்டு நீண்டகாலம் விலகியிருந்தார். 1972இல் கியூபெக் நகர அணியொன்றின் பயிற்றுநராகி இரண்டே ஆட்டங்களில் விலகினார். வீட்டிலிருந்தபடி தூண்டில் நூல் வியாபாரம் செய்தார். 1996 மார்ச் 11இல் பழைய ஃபோரம் அரங்கு மூடப்பட்டபோது அவரை அழைத்து நிறுத்தினார்கள். பல நிமிடங்கள் கைதட்டல் ஓயவில்லை. நிறுத்தும்படி கையசைத்துப் பார்த்த முதியவர், முடியாமல் அழுதுவிட்டார்.

ஜொஃப்றியோனுக்கும் காலம் நீதி செய்தது, ஆனால் தாமதமாக. றிஷாருக்குப் பின் ஒரு பருவத்தில் 50 கோல்களைப் போட்ட முதல் ஆள் அவரே. அவரது 5ஆம் இலக்கச் சட்டையை இனி எவரும் அணியாதவாறு அரங்கின் கூரைக்கு உயர்த்திக் கௌரவிப்பதற்கு 2006 மார்ச் 11ஆந் திகதி குறிக்கப்பட்டிருந்தது. அன்று காலையில் அவர் இறந்துபோனார். மாலையில் விழா நடந்தது. குடும்பத்தினர் நிற்க, சட்டை மேலே சென்றது. அரங்கு நிறைந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கேட்க வேண்டியவர் அங்கே இருக்கவில்லை.