லிக்கர் சாவும் பன்னீர் திராட்சையும்

கல்கத்தாவில் எந்த டீக்கடையில் போய் நின்றாலும் முதல் கேள்வி, "தாதா, லிக்கரா, துதா?" பயப்படாதீங்க மக்களே! லிக்கர் என்றால் பால் சேர்க்காத டீ, துத் என்றால் பால் டீ. அவ்வளவுதான். (டீ விஷயத்தில் வங்காளியும் தமிழனும் ஒரே ஜாதி. இவர்களும் குடிப்பதில்லை, "சா காபென்?" என்று 'சாப்பிட'த்தான் கூப்பிடுகிறார்கள்.)

இந்த லிக்கர் சா என் வீட்டுக்குள் வந்தது அப்பாவால்தான். அம்மா போன பிறகு உத்தமபாளையம் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். வந்த மூன்றாம் மாதமே டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லிவிட்டார். பாலைக் குறைக்கணும், சர்க்கரை கூடவே கூடாது, வேண்டுமானால் வெறும் டீ லைட்டாகக் குடிக்கலாம். அறுபது வருஷமாக டிகாஷன் வாசத்தில் விடிந்த மனுஷர். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிடுவார், பக்கம் மட்டும் திரும்பாது. டீ பேக்கை முக்கிக் கொடுத்தால், "வெந்நீரா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி வைத்துவிடுவார். பிறந்ததிலிருந்து கோபித்துக்கொள்ளாத மாமனார் இப்படிப் பேசாமல் இருப்பது தங்கமணிக்கு என்னைவிட அதிகமாக உறுத்தியது.

சரி, நல்ல டார்ஜிலிங் வாங்கலாம் என்று கிளம்பினேன். தங்கமணி போட்ட எல்லை: மாசம் 500 ரூபாய். காபிப் பொடிக்கு ஆன காசு அது. வீட்டுக் கடன் தவணையும் ஸ்கூல் ஃபீஸும் இருக்கிற வீட்டில் அதுக்கு மேல் பேச்சில்லை.

கல்கத்தாவில் தேயிலைக்குப் பஞ்சமா? 1861-லிருந்து இங்கே ஏலம் நடக்கிறது. ஆர்.என். முகர்ஜி ரோட்டில் நீல்ஹாட் ஹவுஸ் என்று ஒரு கட்டடம், தேயிலை ஏலத்துக்குப் பேர் போனது. நீல்ஹாட் என்றால் அவுரிச் சந்தை, நீலச் சாயம் கொடிகட்டிப் பறந்த காலத்துப் பெயர். இப்போது ஏலமெல்லாம் கம்ப்யூட்டரில். ஆனால் சில்லறைக் கடைகளில் இன்றும் டப்பா டப்பாவாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கிலோ விலையை எழுதி வைத்திருப்பார்கள். 500-லிருந்து 5000 வரை. நம்ம ஊர் டஸ்ட் டீயில் வளர்ந்தவனுக்குத் தலை சுற்றும்.

டப்பா மேல் எஸ்.எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று ரயில் பெட்டி மாதிரி எழுத்துகள் வேறு. அதில் எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்கிற பகுதிக்குத் தேயிலைக்காரர்களே கிண்டலாக ஒரு விரிவு வைத்திருக்கிறார்கள்: சாதாரண ஜனங்களுக்கு இது ரொம்ப ஓவர்! :-)

ஆபீஸில் சில வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்த ஒரு வங்காளி நண்பர் உண்டு. அவர்தான் வழி சொன்னார். "நாந்த் நகரத்துப் பக்கம் மஸ்கடே என்று ஒரு வெள்ளை ஒயின். அதிகமாக அலட்டிக்கொள்ளாது, மீனுக்கும் சிப்பிக்கும் அவ்வளவு பொருத்தம், விலையும் கையைக் கடிக்காது. தினமும் சாப்பிடுகிற சாமானில் பெயருக்குக் காசு கொடுக்காதே. டார்ஜிலிங்கிலும் மஸ்கடே இருக்கிறது, தேடு" என்றார்.

தேடியதில் புரிந்தது இது. மார்ச் வாக்கில் வரும் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்தான் ஏற்றுமதிக்காரர்கள் துரத்துவது, அதனால் அந்த விலை. அக்டோபர், நவம்பரில் பறிக்கும் ஆட்டம் ஃப்ளஷை அவ்வளவாக யாரும் சீண்டுவதில்லை. செம்பு நிறம், மெத்தென்ற ருசி, விலையும் குறைவு. அடுத்த விஷயம் இலையின் அளவு. முழு இலைக்குத்தான் ராஜ மரியாதை. அதே தோட்டத்து அதே கொழுந்து, சலிக்கும்போது உடைந்த இலையாகவோ ஃபேனிங்ஸ் என்கிற குருணையாகவோ விழுந்தால் விலை சரசரவென்று இறங்கிவிடும். சாறு மட்டும் சீக்கிரம் இறங்கும். பச்சரிசிக்கும் நொய்க்கும் உள்ள உறவு!

ஒரே ஒரு எச்சரிக்கை. நேபாளத் தேயிலை டார்ஜிலிங் பெயரில் கலந்து விற்கப்படுகிறது என்பது பல வருஷப் புகார். 2022-ல் பாராளுமன்றக் குழு வரைக்கும் போனது. நேபாளத்துடையதும் நல்ல டீதான், அதன் பெயரிலேயே விற்றுவிட்டுப் போகலாமே.

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் மே, ஜூன் மாதத்து செகண்ட் ஃப்ளஷ் உடைந்த இலையும் ஆட்டம் ஃப்ளஷும் பாதிப் பாதி கலந்து தரச் சொன்னேன். கிலோ 950 கணக்கு வந்தது. நாளைக்கு ஆறு கப், கப்புக்கு இரண்டரை கிராம், மாசம் 450 கிராம். 430 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. தண்ணீர் கொதித்து அடங்கினதும் ஊற்றி, மூடி வைத்து, சரியாக மூன்று நிமிஷம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசந்துபோகும்.

அப்பா டம்ளரை வாங்கி மூக்குக்கிட்ட கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்ப்பா, இதுல நம்மூரு திராட்சை வாசம் அடிக்குதே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செகண்ட் ஃப்ளஷின் பெருமையே மஸ்கடெல் என்கிற அந்தத் திராட்சை வாசனைதான். தத்துப்பூச்சி கடித்த கொழுந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற சமாச்சாரத்தில் பிறக்கிற வாசம் அது. பெயர் வந்தது மஸ்கட் திராட்சையிலிருந்து. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ரகம்தான்! டார்ஜிலிங் டீக்கு 2004-ல் கிடைத்த புவிசார் குறியீடு, 2023-ல் கம்பம் திராட்சைக்கும் கிடைத்தது. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. மூக்கு சொன்னது.

அன்றைக்கு ராயப்பன்பட்டித் தோட்டத்தில் அம்மாவோடு திராட்சை வாங்கப் போன கதையை ஒரு மணி நேரம் சொன்னார். பேரன் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டான்.

இப்போதெல்லாம் டீ வாங்க அவரேதான் போகிறார். கடைக்காரர் "மேசோமஷாய்" என்று ஸ்டூல் எடுத்துப் போடுகிறாராம். போன மாசம் 500 ரூபாய் தாண்டிவிட்டது. தங்கமணி கணக்குக் கேட்டதற்கு, "நூறு கிராம் சித்தப்பாவுக்குப் பார்சல் அனுப்பினேம்மா, அவன் இன்னும் டஸ்ட் டீதான் குடிக்கிறான்" என்றார்.