பிடித்தம்

கவிதை விமர்சனம் எழுதுகிறவன் ஃபுட்பால் டிக்கெட்டின் மேல் ஏற்றுகிற கட்டணங்களைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ரசீதும் ஒரு பிரதிதான் என்று புத்திசாலித்தனமாக ஒரு பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. எதை எடுத்தாலும் பிரதி, குறி, அமைப்பு என்று ஓதிக்கொண்டிருக்கிற கூட்டம் நம்மிடையே போதுமான அளவு இருக்கிறது. என் காரணம் சாதாரணமானது. வார்த்தைகளின் வரிசை மாறினால் அனுபவம் மாறும் என்று நாம் இத்தனை காலமாகச் சொல்லி வருகிறோம். இதை நம்மைவிடத் தீவிரமாக நம்புகிறவர்கள் டிக்கெட் விற்கிறவர்கள். நாம் சொல்வதோடு சரி. அவர்கள் சோதனை செய்து, எண்ணிக்கை எடுத்து, நிரூபித்தே விட்டார்கள்.

ஸ்டப்ஹப் என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி. ஒருவர் வாங்கிய டிக்கெட்டை இன்னொருவருக்குக் கைமாற்ற இன்டர்நெட்டில் இடம் கொடுப்பது அதன் தொழில். 2014-ல் அது, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த முழு விலையை முதல் பக்கத்திலேயே காட்டத் தொடங்கியது. 2015-ல் ஒரு சோதனை. வந்தவர்களில் ஒரு சாராருக்கு முழு விலை முதலிலேயே தெரிந்தது. மறு சாராருக்குப் பணம் கட்டுகிற கடைசிப் பக்கத்தில்தான் கட்டணம் தெரிந்தது. கூட்டுத் தொகையில் பைசா வித்தியாசம் கிடையாது. வரிசை மட்டும்தான் வேறு. கடைசியில் பார்த்தவர்கள் சுமார் 21 சதவீதம் அதிகமாகச் செலவழித்தார்கள். வாங்கி முடித்தவர்களும் அவர்களில்தான் அதிகம், சுமார் 14 சதவீதம். கம்பெனி பழைய முறைக்கே திரும்பிவிட்டது. பிளேக், மோஷரி, ஸ்வீனி, டடெலிஸ் என்ற நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் 2021-ல் இந்த விவரங்களைக் கட்டுரையாகப் பிரசுரித்தார்கள்.

காரணத்தை ஊகிக்க ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. மைதானத்தின் படத்தைப் பார்த்து, ஒரு பகுதியைத் தேர்ந்து, வரிசையைத் தேர்ந்து, நாற்காலியின் எண்ணைத் தொட்டு அது நிறம் மாறுவதைப் பார்த்தவன் மனசுக்குள் ஏற்கனவே அங்கே போய் உட்கார்ந்துவிட்டான். மூலையில் ஒரு கடிகாரம் வேறு பத்து நிமிஷத்திலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வருகிற கட்டணம் அவன் வாங்க நினைக்கிற பொருளின் விலையாக அவனுக்குப் படுவதில்லை. எழுந்து போகாமல் இருப்பதற்குக் கொடுக்கிற தொகையாகப் படுகிறது.

என் மைத்துனன் வட இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான். அந்த ஊர் கிளப்பின் ஸீஸன் டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் காத்திருந்தான். 2024 ஜூனில் முறை வந்தது. லீக்கின் 19 உள்ளூர் ஆட்டங்களுக்கும் ஒரே நாற்காலி. அவன் எனக்கு அனுப்பிய ரசீதில் டிக்கெட் விலைக்குக் கீழே மேலும் சில வரிகள் இருந்தன. பதிவுக் கட்டணம். ஃபோனில் காட்டாமல் பிளாஸ்டிக் அட்டையாகக் கையில் வேண்டுமானால் அதற்கு ஒரு கட்டணம். மொத்தத்தையும் ஒரே தவணையில் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி, அதன் வட்டி. இரவு டியூட்டி முடித்துவிட்டு வந்து ஃபோனில் கூப்பிட்டான். "டிக்கெட்டை அச்சடிக்கல, தபால்ல அனுப்பல, கௌண்ட்டர்ல ஆளு இல்ல. எல்லா வேலையும் நானே உக்காந்து செஞ்சேன் அத்தான். அதுக்கு என்கிட்டயே கூலி வாங்குறாங்க" என்றான். விட்டுவிட வேண்டியதுதானே என்றேன். "விட்டா பின்னால நிக்கிறவனுக்குப் போயிடும்" என்றான். சொல்லும்போதே பணத்தைக் கட்டி முடித்திருந்தான்.

அவனை முட்டாள் என்று நினைக்க என்னால் முடியவில்லை. வெளியூர்க்காரனாக அவன் அங்கே வாழ்ந்த வருஷங்களில் வார்டில் நோயாளிகளோடு பேச அவனுக்குக் கிடைத்த முதல் பொதுவான விஷயம் அந்த கிளப். இப்போது அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற முதியவர், தன் தகப்பனார் காலத்திலிருந்து அந்தப் பகுதியில்தான் உட்கார்ந்து வருகிறாராம். இவன் இரண்டு வாரம் டியூட்டியால் போக முடியாவிட்டால் எங்கே போனாய் என்று கேட்கிறாராம். அந்த ஊரில் இவன் வராததைக் கவனிக்கிற மனிதர் அவர் ஒருவர்தான். இதற்கு என்ன விலை என்று கேட்டால் நானும் ஒரு எண்ணைச் சொல்லத் திணறுவேன். கிளப் திணறவில்லை.

நான் பாங்க் கிளார்க். கட்டணங்களின் பாஷை எனக்கு வயிற்றுப்பிழைப்பு. பென்ஷன் வாங்க வருகிற அம்மாள் பாஸ்புக்கைத் திருப்பிக் காட்டி, "இது என்ன தம்பி பதினேழு ரூபாய் எழுபது காசு?" என்று கேட்கும்போது, "எஸ்.எம்.எஸ். சார்ஜும்மா, ஜி.எஸ்.டி.யோட. கம்ப்யூட்டரே பிடிச்சுக்கும்" என்று சொல்வது என் தினசரி வேலைகளில் ஒன்று. இந்த வாக்கியத்தைப் பல வருஷங்களாகச் சொல்லி வருவதால் அதன் இலக்கணத்தைப் பற்றி யோசிக்க எனக்கு நிறைய அவகாசம் கிடைத்திருக்கிறது. யார் எடுத்தார்கள் என்பது அதில் இல்லை. எடுப்பதற்கு மனிதன் யாரும் தேவைப்படவில்லை. இங்கிலீஷில் இந்த வித்தை இன்னும் பழுத்துப்போயிருக்கிறது. 'கன்வீனியன்ஸ் ஃபீ', அதாவது வசதிக் கட்டணம் என்கிறார்கள். யாருடைய வசதி என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. பெயரடை இருக்கும்; எழுவாய் இருக்காது. மோசமான புதுக்கவிதையில் இதே வியாதியைப் பார்க்கிறோம். அங்கே நஷ்டம் வாசகனின் அரை மணி நேரத்தோடு போய்விடுகிறது.

தமிழில் பிடித்தம் என்கிறோம். சம்பளத்தில் பிடித்தம், கணக்கில் பிடித்தம். ஒன்றின்மேல் ஏற்படுகிற பிரியத்துக்கும் நம்மிடம் அதே வார்த்தைதான். இதை அகராதி விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸீஸன் டிக்கெட்காரன் விஷயத்தில் இரண்டு அர்த்தங்களும் ஒரே ரசீதில் உட்கார்ந்திருக்கின்றன. முதல் பிடித்தம் இல்லாமல் இரண்டாவது நடக்காது.

நம் காய்கறிக்காரி பேரம் முடிந்து பையைக் கட்டின பிறகு ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவாள். வியாபாரம் முடிந்த பிறகு கொடுப்பதுதான் கொசுறு. இது வியாபாரம் முடிந்த பிறகு எடுப்பது. ஆனால் எடுக்கிறவன் யார் என்று பார்க்கப்போனால் சங்கதி கொஞ்சம் சிக்கலாகிறது. 1976-ல் அரிஸோனாவில் ஆரம்பித்த டிக்கெட்மாஸ்டர் கம்பெனி, 1982-ல் ஃப்ரெட் ரோஸன் தலைமைக்கு வந்தபின் ஒரு ஏற்பாட்டைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அரங்கத்துக்காரர் டிக்கெட் விற்கும் உரிமையைத் தனக்கு மட்டும் தர வேண்டும்; வாங்குகிறவன் தலையில் வைக்கிற கட்டணத்தில் அரங்கத்துக்காரருக்கும் ஒரு பங்கு கிடைக்கும். ஆக, ரசிகன் டிக்கெட் கம்பெனியைத் திட்டுகிறான். அந்தத் திட்டுக்குரிய பணத்தில் ஒரு பகுதி அவன் நேசிக்கிற இடத்துக்கே போகிறது. திட்டு வாங்கிக்கொள்வதும் அந்தக் கம்பெனி அளிக்கிற சேவைகளில் ஒன்று. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், பரிசீலித்த முதல் விற்பனை டிக்கெட்டுகளில் கட்டணங்கள் சராசரியாக விலையில் 27 சதவீதம் என்று கண்டது. வட்டிக் கணக்கு பார்த்துப் பழகின எனக்கே இந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

சட்டங்கள் வராமல் இல்லை. பிரிட்டனில் 2018 ஜனவரி 13 முதல், அட்டையில் பணம் கட்டுவதற்கென்று தனியாக வசூலிப்பது தடை செய்யப்பட்டது. அட்டைக் கட்டணம் என்ற பெயர் மறைந்தது. சில இடங்களில் அதே நாற்காலியில் சேவைக் கட்டணம் வந்து உட்கார்ந்தது. 2025 ஏப்ரல் 6 முதல், தவிர்க்க முடியாத கட்டணம் எதுவானாலும் ஆரம்ப விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்றாகிவிட்டது. அமெரிக்காவிலும் அதே வருஷம் மே 12 முதல் நேரடி நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளுக்கு ஏறக்குறைய இதே விதி. நல்ல காரியங்கள். பொய்யான வரிசை உண்மையான வரிசை ஆகிறது.

வெளிப்படைத்தன்மை வந்துவிட்டது, இனி குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களோடு நான் மாறுபடுவது இந்த இடத்தில்தான். வரிசையை மாற்றி ஏமாற்றுவது சஞ்சல புத்திக்காரனிடம் பலிக்கிற வித்தை. இந்த ஆட்டம் இல்லாவிட்டால் ஒரு சினிமா என்று நினைக்கிறவனுக்குக் கடைசிப் பக்கத்தில் வரும் கட்டணம் ஒரு பொறி. என் மைத்துனனுக்குப் பொறியே வேண்டியதில்லை. முழுத் தொகையையும் முதல் வரியில், கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அவன் கட்டியிருப்பான். அவன் போய் வாங்க வேறு கடை கிடையாது. அரிசி விலை ஏறினால் கடையை மாற்றலாம். கிளப்பை மாற்றுகிறவன் ரசிகனே அல்ல என்பது அந்த ஊர்களில் எழுதாத சட்டம். பக்தனிடம் விலையை மறைப்பது வீண் உழைப்பு.

இதை முழுக்க உணர்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம், பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவது. அதில் 1993-ல் கரோலைனா பாந்தர்ஸ் அணிக்கு மைதானம் கட்டப் பணம் திரட்டியபோது நாற்காலி உரிமம் என்ற ஒன்றை விற்றார்கள். இதை வாங்கினால் டிக்கெட் கிடைக்காது. வருஷா வருஷம் ஸீஸன் டிக்கெட் வாங்குகிற உரிமை கிடைக்கும். டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம். ஒரு வருஷம் வாங்கத் தவறினால் உரிமமும் போய்விடும். நம் கடைத்தெருவில் கடை கைமாறும்போது குட்வில் என்று ஒரு தொகை வாங்குவார்கள். அதையாவது வாங்குகிறவன் வியாபாரம் செய்து மீட்டுக்கொள்ளலாம். 2009-ல் திறந்த டாலஸ் கௌபாய்ஸ் மைதானத்தில் மிக உயர்ந்த நாற்காலிகளின் உரிமம் 1,50,000 டாலர் வரை போனது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. முதல் பக்கத்திலேயே, பெரிய எண்ணாக, அச்சில் இருந்தது. வசதி என்ற பாவனைகூட இல்லை. உனக்கு எங்களைப் பிடித்திருக்கிறது, அதற்கு இவ்வளவு என்பதுதான் அதன் சாரம். எந்த வெளிப்படைச் சட்டமும் இதைத் தொடாது. தொட வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

வேறு விதமாகவும் கணக்குப் போடலாம் என்பதற்கு ஜெர்மனியைச் சொல்வார்கள். பேயர்ன் ம்யூனிக் கிளப்பின் தலைவராக இருந்த ஊலி ஹோனஸ் கொடுத்த விளக்கம் பிரசித்தமானது. நின்று பார்க்கிற ஸீஸன் டிக்கெட்டை 104 பவுண்டுக்குக் கொடுக்கிறோம், 300 வாங்கினால் வருஷத்துக்கு இருபது லட்சம் பவுண்டு அதிகம் வரும், ஒரு ஆட்டக்காரரை வாங்கும் பேரத்தில் ஐந்து நிமிஷம் வாதாடுகிற தொகை அது என்றார். இவர் 2014-ல் வரி ஏய்ப்புக்காகச் சிறைக்குப் போனவர். சொன்னவரின் யோக்கியதையை வைத்துக் கூட்டல் கழித்தலைத் தள்ளிவிட முடியாது. இருபது லட்சம் கிளப்புக்கு ஐந்து நிமிஷப் பேச்சு. ஒரு நர்ஸுக்கு இருநூறு பவுண்டு சில நாள் சம்பளம். தொகை சிறியது என்று கட்டணத்தை நியாயப்படுத்துகிறவர்கள் எந்தப் பக்கம் நின்று சிறியது என்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை.

கட்டாமல் இருக்க முடியாதவன் என்ன செய்ய முடியும்? ஒரு தடவை செய்தார்கள். 2016 பிப்ரவரி 6, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம், எதிரணி ஸண்டர்லேண்ட். புதிதாகக் கட்டிய பகுதியில் ஒரு ஆட்டத்துக்கு 77 பவுண்டு வரை விலை வைக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். 77-ஆம் நிமிஷம் வந்ததும் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஸண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. நான்கு நாள் கழித்து உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். 77 பவுண்டு டிக்கெட் கைவிடப்பட்டது. அதிகபட்ச விலை 59 பவுண்டிலேயே இரண்டு ஸீஸனுக்கு நிறுத்தப்பட்டது.

மைத்துனனிடம் இதைச் சொன்னேன். அவன் அங்கே போவதற்கு முந்தைய சம்பவம். இருந்தும் நிமிஷக் கணக்கு உட்பட அவனுக்குத் தெரிந்திருந்தது. "காசு கொடுத்து உள்ள வந்தவங்கதானே அத்தான் எந்திரிச்சுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டான். இந்த வருஷமும் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டான். பிளாஸ்டிக் அட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.