தானியேலுக்கு ஒரு விசாரிப்புக்காரன் இருந்தான்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் தானியேல் புஸ்தகத்தின் முதலாம் அதிகாரத்தைத் தியானித்தோம். ராஜாவின் போஜனத்தை மறுத்து, பருப்பையும் மரக்கறியையும் கேட்ட அந்த வாலிபர்களைக் குறித்துப் பேசுகையில், நம் சரீரம் தேவனுடைய ஆலயம் என்றும், சோற்றைக் குறைத்துக் கீரையும் காயும் சேர்த்துக்கொள்வதுகூட ஒரு சாட்சியுள்ள வாழ்வே என்றும் உற்சாகமாய்ச் சொன்னேன். பலர் தலையசைத்தார்கள். மனநிறைவோடு மேடையைவிட்டு இறங்கினேன்.

வாசலில் சபைச் சகோதரி ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் வேலை செய்கிறவர், சர்க்கரை நோயுள்ளவர். அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். “ஐயா, தானியேலுக்கு மரக்கறியைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு விசாரிப்புக்காரன் இருந்தான். எனக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை அதிகமாய்க் குத்தியது.

பிறகு தம் அன்றாடத்தை விவரித்தார். காலை ஏழு மணிக்கு முன்பே கம்பெனி வேன் வந்துவிடும். கீரைக்கார அம்மா தெருவுக்குள் வருவது ஏழரைக்கு. இரவு திரும்பும்போது தள்ளுவண்டியில் மிஞ்சியிருப்பவை முற்றிய கத்தரிக்காயும் வாடிய வெண்டைக்காயும்தான். அடுத்த கடையில் பரோட்டா சுடச்சுட இருக்கிறது. பிள்ளைகளின் பசிக்கு அது உடனே பதில் சொல்கிறது. “மருத்துவரும் காய் சாப்பிடச் சொல்கிறார், நீங்களும் சொல்கிறீர்கள். எந்த நேரத்தில், எந்தப் பணத்தில் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை ஐயா” என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் மாநிலத்தில் பசியைப் போக்கப் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது. ஆகவே வயிறு நிரம்புகிறது. ஆனால் அந்தத் தட்டில் காய்க்கு இடமில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. நால்வர் உள்ள வீட்டுக்குக் காய் மட்டும் தினமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். நம் மண்ணூர்பேட்டையில் எத்தனை வீடுகளுக்கு அது கூடும்?

2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா பரவியதால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மே முதல் செப்டம்பர் வரை காய்கறி வியாபாரம் பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசையில் நடந்தது. அப்பொழுது நாம் எவ்வளவு கலங்கினோம்! சந்தை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டதே என்று என் வீட்டிலும் புலம்பினோம். நமக்கு அது சில மாத அனுபவம். அந்தச் சகோதரிக்கோ, கோயம்பேடு இத்தனை அருகில் இருந்தும், சந்தை எந்நாளும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. தானியேலுக்கு முன்பாக இரண்டு வகை போஜனம் இருந்தது. அவன் ஒன்றைத் தெரிந்துகொண்டான். தெரிந்துகொள்ள வழியே இல்லாதவரிடம் நான் மனஉறுதியைப் பிரசங்கித்திருந்தேன்.

இதைச் சபைக் குழுவில் பகிர்ந்துகொண்டேன். இலவசமாய்க் காய்கறிப் பை கொடுக்கலாம் என்றார் ஒருவர். சகோதரியைக் கேட்டபோது, “விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் ஐயா, நான் வரும் நேரத்தில் நல்ல காய் இருந்தால் போதும்” என்றார். தள்ளுவண்டிக்காரத் தம்பியிடம் விசாரித்தோம். இரவுவரை நல்ல காயை வைத்திருந்தால், விற்காதது மறுநாள் அழுகி நஷ்டமாகும் என்பதே அவருடைய பயம். எனவே புதன், சனி மாலைகளில் நம் ஆலய வாசலில் எட்டரை மணிவரை அவர் வண்டியை நிறுத்துவது, மீந்ததைக் கொள்முதல் விலைக்குச் சபை வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று.

மூப்பர் ஒருவர் வருத்தப்பட்டார். காணிக்கைப் பணம் கத்தரிக்காய்க்கா என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். அவரோடு அமர்ந்து அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை வாசித்தோம். எருசலேம் சபையில் சில விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் அதை அற்பமாக எண்ணவில்லை. பரிசுத்த ஆவியால் நிறைந்த ஏழு பேரைப் பந்தி விசாரணைக்கு ஏற்படுத்தினார்கள். மூப்பர் வெகுநேரம் மௌனமாயிருந்தார். இப்போது புதன்கிழமைக் கணக்கை அவரே எழுதுகிறார்.

முதல் மாதம் நிறையவே மீந்தது; ஞாயிறு மதிய சாம்பாரில் முள்ளங்கியைக் கண்டு சிலர் முகம் சுளித்தீர்கள், அறிவேன். இப்போது மீதி குறைந்திருக்கிறது. மற்றச் சமயத்தாரும் வாங்குகிறார்கள். இதனால் யாருடைய சர்க்கரையும் குறைந்துவிட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. கூலியும் வேலை நேரமும் மாறாதவரை இது ஒரு சிறு வண்டிதான். ஆயினும் சென்ற சனிக்கிழமை வேனைவிட்டு இறங்கிய அந்தச் சகோதரி, ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

பிரியமானவர்களே, இந்த வாரம் ஒருவரிடம் “இதைச் சாப்பிடுங்கள், அதைத் தவிருங்கள்” என்று ஆலோசனை சொல்லுமுன், அது அவருக்கு எங்கே, எப்போது, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேட்டுப்பாருங்கள். பதில் இல்லையென்றால், ஒருவேளை தேவன் உங்களையே விசாரிப்புக்காரனாக அங்கே வைத்திருக்கலாம்.

அன்றன்றைய ஆகாரத்தைத் தருகிற பிதாவே, எங்கள் அயலாரின் தட்டைப் பார்க்கிற கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.