உள்ளே இருப்பது வெளியே தெரியணுமாம்!

"கேபினட்டை மாத்தணும்ப்பா" என்றாள் என் பெண்.

பேப்பரில் தலையை விட்டிருந்த நான், "யாரைத் தூக்கப் போறாங்களாம்?" என்றேன்.

டில்லி சமாசாரம் இல்லையாம். கம்ப்யூட்டர் சாமான்களையெல்லாம் போட்டு மூடி வைக்கிற தகரப் பெட்டிக்குத்தான் கேபினட் என்று பெயர். (நாம் அதையே சி.பி.யூ. என்போம். அசல் சி.பி.யூ. உள்ளே பிஸ்கட் சைஸில் ஒரு சில்லு என்று எனக்கு மாதம் ஒரு தரம் பாடம் நடக்கும்.)

அனந்தபுரத்தில் உட்கார்ந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறாள். செஞ்சி, விழுப்புரம் போட்டோகிராபர்கள் படங்களை அனுப்புவார்கள். இவள் மாப்பிள்ளை முகத்துப் பருவை அழித்து, பின்னால் ஊட்டியை வைத்து அனுப்புவாள். மெட்ராஸுக்கு வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே பிழைக்க முடியும் என்று அவள் போட்ட பந்தயம் அது. தை மாச முகூர்த்தத்தில் மிஷின் இரண்டு நாள் படுத்தால் ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பழைய பெட்டி அப்படித்தான் வைகாசியில் ஒருதரம் சூடேறி மூச்சை நிறுத்தியது. அவள் அம்மா சீட்டெடுத்துப் பணம் கொடுத்தாள். கொடுத்தவளுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டே!

"பக்கத்துல கண்ணாடி வெச்ச கேபினட் வாங்கப் போறேம்மா."

"ராஜகிரியைக் கட்டினவன் மதிலுக்குக் கண்ணாடியா பதிச்சான்?" என்றாள் என் மனைவி. மறுக்க முடியாத வாதம். சிவாஜி 1677-ல் பிடித்து, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. மதில் நின்றதால்தானே சேர்ந்தது!

"சரி, கண்ணாடின்னா நம்ம கடையில நாலு எம்.எம். வெட்டி வாங்கி ஒட்டிடலாமே?" என்று நான் சிக்கனம் பேசினேன்.

அது ஆகாதாம். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகப் பிளக்கும். இதற்குப் போடுவது டெம்பர்டு கண்ணாடி. அறுநூறு டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தோலை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுபறிதான் பலம். அதனாலேயே காய்ச்சிய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. ஓரிடத்தில் பிளந்தால் மொத்தமும் கல்கண்டு மாதிரி உதிரும். இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் 1661-லேயே இப்படி இறுகிய கண்ணாடித் துளிகளை ராயல் சொசைட்டிக்காரர்களிடம் கொடுத்து ஆராயச் சொன்னாராம். சுத்தியலுக்கு மசியாத துளி, வாலைக் கிள்ளினால் தூள்!

நம்ம கம்ப்யூட்டர் கண்ணாடிக்கு வால் எது தெரியுமோ? விளிம்பு. நடுவில் குத்தினால்கூடத் தாங்கும். விளிம்பைக் கொண்டுபோய் டைல்ஸ் தரையில் நிறுத்தினால் போச்சு. டைல்ஸ் கண்ணாடியைவிடக் கெட்டி. நாங்களோ போன வருஷம்தான் ஹால் முழுக்க டைல்ஸ் ஒட்டியிருந்தோம்.

அக்ரிலிக் என்று ஒரு பிளாஸ்டிக் ரகம் உண்டு. எடை பாதிதான், இப்படித் தூளாகாது. ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல். துடைத்த சூட்டில் ஒட்டும் மின்சாரம் பிடித்துத் தூசியை வா வா என்று கூப்பிடும். மல்லாட்டை உடைக்கிற மிஷின் எங்கள் தெருக்கோடியில் ஓடுகிறது. அக்ரிலிக்குக்கு ஒரே ஓட்டில் தோல்வி.

ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே நுழைந்தால் தோளோடு தோள் உரசும் கூட்டம். கடைக்காரத் தம்பி மூன்று தினுசு காட்டினான்.

முதலாவது, முன்பக்கமும் கண்ணாடி, பக்கமும் கண்ணாடி. மீன் தொட்டியேதான். பார்க்க ஜோர்! "சார், இதான் இப்போ ஃபாஸ்ட் மூவிங்" என்றான். முன்னால் அடைத்துவிட்டால் காற்று கீழேயும் பக்கத்திலும் புகுந்துதான் வர வேண்டும். அதற்குத் தனியாக ஃபேன் வாங்கி மாட்ட வேண்டும். சித்திரையில் எங்கள் ஊர்ப் பாறை ராத்திரி பத்து மணிக்கும் சுடும். என் பெண், "முகம் வலையா இருக்கணும், பக்கம் கண்ணாடியா இருந்தா போதும்" என்று முடித்தாள். பக்கத்துக் கண்ணாடியால் சூடு பெரிதாக ஏறாதாம், முன்பக்கம்தான் மூக்கு.

இரண்டாவது, நாலு மூலையிலும் துளை போட்டுத் திருகாணி முடுக்கியது. கடைசித் திருகைக் கழற்றும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோ கண்ணாடியை இன்னொரு கை தாங்கணும். மாசம் ஒருதரம் தூசி தட்டுகிற வீட்டில் இது வம்பு.

மூன்றாவது, கண்ணாடியை இரும்புச் சட்டத்தில் பதித்து, பின்பக்கம் இரண்டே திருகு. இழுத்தால் சட்டத்தோடு வரும். விளிம்பு எங்கேயும் தொடாது. பீரோக் கதவு மாதிரி கீல் வைத்ததும் ஒன்று இருந்தது. அதைத் திறக்க எங்கள் மேஜையில் இடமில்லை.

மேஜை என்றதும்தான் ஒன்று உறைத்தது. "ஏம்மா, கண்ணாடி இடது பக்கம்தானே? நம்ம மேஜையில பெட்டி மானிட்டருக்கு இடதுல இருக்கு. கண்ணாடி சுவத்தைத்தானே பார்க்கும்?"

கடைக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் போன வாரமே மேஜையைத் திருப்பிப் போட்டேன். நீ பார்க்கலையா?"

நான் மேஜையைப் பார்த்தேன். அது திரும்பியிருந்ததைப் பார்க்கவில்லை. இரண்டும் வேறு.

மூன்றாவதைத்தான் வாங்கினாள், கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி. "உள்ளே லைட்டு மின்னறது எனக்கு வேணாம். ஃபேன் சுத்துதா, தூசி அடைஞ்சிருக்கான்னு திறக்காமத் தெரியணும், அவ்ளோதான்." அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். (சீட்டுப் பணம் என்னுடையதில்லை என்ற தைரியம்!)

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செஞ்சி வரைக்கும் வந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் பிரசவத்துக்கு அழைத்துப் போகிறவன் மாதிரி "மெதுவா, மெதுவா" என்றேன். கண்டக்டர் என்ன நினைத்தாரோ!

வீட்டில் டைல்ஸ் மேல் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் கண்ணாடியைப் படுக்க வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தாள். ராத்திரி மிஷின் ஓடியதும் என் அம்மா கிட்டே வந்து உற்றுப் பார்த்து, "ஏண்டா, குடலெல்லாம் தெரியுதே, இதுக்கு நோவு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

மிஷின் ஓடாதபோது கறுப்புக் கண்ணாடி நிலைக்கண்ணாடி ஆகிவிடுகிறது. காலையில் திருநீறு நேராக இருக்கிறதா என்று அம்மா இப்போதெல்லாம் அதில்தான் பார்த்துக்கொள்கிறாள்.