நிசான் மாதத்துத் தவளைகள்

நிசான் 9

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் விடுபட்டதை நினைவுகூரும் பெசாக் பண்டிகை, அதாவது தமிழ் விவிலியம் கூறும் பஸ்கா, நிசான் 14 அன்று சூரியன் மறைந்ததும் தொடங்கவிருப்பதால், எருசலேமின் வீடுகளில் துப்புரவுப் பணியோடு குழந்தைகளின் கைவேலையும் தொடங்கிவிட்டது. பார்வோனின் நாட்டைத் தாக்கிய பத்து வாதைகளுள் இரண்டாவதான தவளையே முதலில் உருவாகிறது. பச்சைத்தாளில் மடித்த அதன் பின்முனையை விரலால் அழுத்தி விட்டால் துள்ளும். ஒரே தவளை பெருகி நாடு முழுவதையும் நிரப்பியது என ரபி அக்கிவா உரைத்ததாக, யூதச் சமயச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் கூறுகிறது. ஒரு குழந்தை மடித்ததைக் கண்டு அடுத்த குழந்தையும் தாள் கேட்க, மேசை நிறைவதில் அவ்வுரை எளிதாக விளங்குகிறது.

நிசான் 11

முட்டை அட்டையின் குழிகளை வெட்டி வெட்டுக்கிளி செய்யப்பட்டது. ஹமேட்ஸ் எனப்படும் புளித்த தானியப் பொருள் பண்டிகையில் விலக்கப்படுவதால், கோதுமை மாவில் பிசைந்த விளையாட்டு மாவைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன.

நிசான் 13

பண்டிகை விருந்தாகிய செதேரின் முடிவில் பாடப்படும் ‘ஹத் கத்யா’ என்னும் அரமேயப் பாடலுக்குக் குச்சிப் பொம்மைகள் தயாராகின்றன. தந்தை இரண்டு சூஸ் காசுக்கு வாங்கிய ஆட்டுக்குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைத் தடி அடிக்க, தடியை நெருப்பு எரிக்க, நெருப்பை நீர் அணைக்க, நீரை எருது குடிக்க, எருதை அறுத்தவனை மரண தூதன் கொல்ல, இறுதியில் இறைவன் அத்தூதனை வீழ்த்துகிறான். 1590இல் பிராகில் அச்சான ஹக்கதாவில், அதாவது செதேரில் வாசிக்கும் நூலில், இடம்பெற்ற இப்பாடலுக்கு 1919இல் கீவ் நகரில் எல் லிசிட்ஸ்கி அரிய வண்ணப்படங்களை வெளியிட்டார். ஆயினும் குழந்தை கோணலாக வெட்டிய பூனையைப் பெரியவர் திருத்தாமல் விடுவதே சிறந்தது. தான் செய்த பூனைக்கு முறை வரும்வரை அக்குழந்தை நள்ளிரவிலும் விழித்திருக்கும்.

நிசான் 14

பண்டிகை நாளில் வெட்டுவதும் ஒட்டுவதும் வரைவதும் சமயச் சட்டப்படி விலக்கப்பட்டவை என்பதால், மாலைக்குள் கத்தரிக்கோல் எடுத்துவைக்கப்பட்டது. குழந்தைகள் உறங்காமல் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக ரபி அக்கிவா வறுத்த தானியமும் கொட்டைகளும் வழங்கினார் என்னும் மரபை இப்பொம்மைகள் தொடர்கின்றன. வாதைகளின் பெயர்களைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளித் திராட்சைரசம் கிண்ணத்திலிருந்து எடுக்கப்படுவது, எகிப்தியரின் துன்பத்தால் மகிழ்ச்சி குறைகிறது என்பதைக் காட்டவே எனப் பரவலாக விளக்கப்படுகிறது. தவளை துள்ளும் களிப்பிடையே, அந்நாட்டுக் குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு சிறுவன் கேட்டால், அதற்கும் விடை கூறிய பின்னரே வாசிப்பு தொடர வேண்டும்.