நண்பகல் நாதம்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

வயிற்றுக்கு முன்னால் செவியை வைத்தவர் வள்ளுவர். நண்பகல் வேளையில், வயிறு கூவும் அந்த நேரத்திலேயே, செவிக்கு விருந்து படைக்கும் இடங்கள் உலகில் சில உண்டு. அவற்றைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இசை கற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. கேட்டவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-ஆம் ஆண்டு. குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் ஓவியங்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டார்கள். வெறும் சுவர்கள் மட்டுமே எஞ்சின. மாலையில் விளக்கு ஏற்றவும் தடை. அந்தக் கூடத்தில் அக்டோபர் 10-ஆம் நாள் பகல் உணவு வேளையில் பியானோவின் முன் அமர்ந்தார் மைரா ஹெஸ் என்ற பெண்மணி. அன்று தொடங்கிய பகல் கச்சேரி 1946 ஏப்ரல் வரை, குண்டு விழுந்த நாட்களில்கூட, நிலவறைக்கு இடம் மாறி நடந்தது. மொத்தம் 1,698 கச்சேரிகள். நுழைவுக் கட்டணம் ஒரே ஒரு ஷில்லிங். வாசித்தவர்களுக்கோ, பெரியவர் சிறியவர் என்ற பேதமின்றி ஒரே தொகை.

அந்தப் பெண்மணியின் பெயராலேயே அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977-இல் ஒரு பகல் கச்சேரி வரிசை தொடங்கியது. நடந்த இடம் எது தெரியுமா? பொது நூலகத்துக்கென்று 1897-இல் எழுப்பிய பழைய கட்டடம்! புதன்தோறும் நண்பகலில் வளரும் இளங்கலைஞர்கள் வாசிப்பார்கள். கட்டணம் எதுவும் கிடையாது. அலுவலகத்தில் வேலை செய்கிறவர் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு மீண்டும் வேலைக்குத் திரும்பலாம்.

‘அதெல்லாம் லண்டன், சிகாகோ; நம் ஊரில் ஏது?’ என்று கேட்பீர்கள். நம் சென்னையிலும் உண்டு. 1927 டிசம்பரில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று நாம் காணும் மார்கழி இசை விழா. மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பெரும்பாலான சபாக்களில் பகல் கச்சேரிக்கு அனுமதி இலவசம். பாடுகிறவர்களில் பெரும்பாலோர் நம் வயதையொத்த இளைஞர்கள்.

எங்கள் வீடு ஆவடியை அடுத்த கோவில்பதாகையில். அப்பாவுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. அம்மா ஒரு கம்பெனியில் துப்புரவுப் பணி செய்கிறார். கல்லூரி வாசலை மிதித்தவள் எங்கள் வீட்டில் நானே முதல். சென்ற டிசம்பர் விடுமுறையில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு வாரம் இருமுறை சென்று படித்தேன். ஆவடி நிலையம் வரை மகளிருக்கான கட்டணமில்லாப் பஸ், அங்கிருந்து சீசன் டிக்கெட்டில் மின்சார ரயில். நூலகத்திலும் காசு கேட்பதில்லை. பகலில் தியாகராய நகரில் ஒரு சபாவில் கச்சேரி கேட்டுவிட்டு வருவேன் என்று சொன்னபோது அம்மாவுக்கு வியப்பு.

“ஏன் பாப்பா, அதெல்லாம் நமக்கு எதுக்கு? உள்ள விடுவாங்களா?”

“விடுவாங்கம்மா. காசே இல்ல. அஞ்சு மணிக்குள்ள வீட்டுல இருப்பேன்.”

இந்த ‘அஞ்சு மணிக்குள்ள’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாலைக் கச்சேரி முடிய ஒன்பது மணி ஆகும். பிறகு ரயில் பிடித்து, ஆவடியில் இறங்கி, இருட்டில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? டிக்கெட்டை இலவசமாகவே கொடுத்தாலும் எனக்கு அது எட்டாக்கனிதான். இரவு வேளைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதை. பகல் கச்சேரியின் சிறப்பு இலவசம் என்பதோடு முடிவதில்லை. அது நடக்கும் நேரமே எங்களைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

அங்கே நான் கேட்டது என்ன? இன்ன ராகம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் மிருதங்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் நூலகத்தில் அதைப் பற்றித்தான் படித்திருந்தேன். சாதாரண முரசின் தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின் நடுவில் கற்பொடியும் சோறும் குழைத்துக் கறுப்பு வட்டமாகப் பூசுகிறார்கள். அந்தப் பளுவினால் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் வந்து அமர்கின்றன. நம் மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். புத்தகத்தில் படித்த விகிதம் அன்று பகலில் காதில் வந்து விழுந்தபோது எனக்குச் சிலிர்த்தது. அந்தக் கறுப்பு வட்டத்தை இடும் கைகள் பல தலைமுறைகளாகத் தலித் குடும்பங்களின் கைகள். அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பங்களில் எத்தனை பேர் இங்கே நாற்காலியில் அமர்ந்து கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாளில் அரங்கில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். வெளியே கேண்டீனில் அதைப்போல் பல மடங்கு கூட்டம். வாசலில் நின்றவர் என் புத்தகப் பையைப் பார்த்து, “யாரைப் பார்க்கணும்?” என்றார். கச்சேரி கேட்க வந்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே பாடிய பெண்ணுக்கு என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கலாம். காலி நாற்காலிகளைப் பார்த்தும் குரலில் ஒரு குறையும் வைக்காமல் பாடினாள். பகல் வேளையில் பாடும் இளங்கலைஞர்கள் பலருக்குச் சன்மானம் பெயரளவில்தான். அப்படியானால் எனக்கு இலவசமாகக் கிடைத்த இசைக்கு விலை கொடுத்தது யார்? அவளும் அவள் வீட்டாரும்தானே!

நூலகத்தில் இருக்கும் இலவசம் வேறு வகை. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் மாகாணம் ஒன்று இயற்றிய முதல் நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வீட்டில் இருக்கும் எங்கள் அப்பாவும் வாடகை வழியாக அதில் ஒரு துளி கொடுக்கிறார். ஆகவேதான் அங்கே என்னை யாரும் ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்பதில்லை. அது என் வீடு.

அந்த வீட்டில் மாதம் ஒரு பகல் ஏன் இசை ஒலிக்கக் கூடாது? படிப்பவர்க்கு இடையூறு என்பார்கள். படிக்கும் அறையில் வேண்டாம். கன்னிமாரா நூலகத்தின் பக்கத்திலேயே மியூசியம் தியேட்டர் இருக்கிறது. 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பெரிய அரங்கமே இருக்கிறது. பொதுப்பணத்தில் பொதுமக்களுக்கு இசை தருவது நம் ஊருக்குப் புதிதும் அன்று. 1930 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநகராட்சி சொந்தமாக வானொலி தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மாலைதோறும் இசை ஒலிபரப்பியது. 1938-இல் அகில இந்திய வானொலி வரும்வரை அது நடந்தது. காற்று வாங்க வந்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டார்கள்.

பெரிய அரங்கம்கூட வேண்டியதில்லை. எங்கள் ஆவடிப் பகுதியில் ஒரு கிளை நூலகம், ஐம்பது நாற்காலிகள், ஒரு மணி நேரம் போதும். ஒரு மாதம் வீணை, ஒரு மாதம் பறை, ஒரு மாதம் நாதஸ்வரம். மிருதங்கம் செய்பவரையும் அழைத்துப் பேசச் சொல்லலாம். வாசிப்பவர்க்கு நூலக நிதியிலிருந்து நியாயமான தொகை தர வேண்டும். லண்டனில் செய்ததுபோல் எல்லோருக்கும் ஒரே தொகை. கேட்ட பிறகு அந்த இசையைப் பற்றிய புத்தகம் நாலடி தூரத்திலேயே அலமாரியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகலாக இருந்தால் அம்மாவுக்கு வேலை இல்லாத நாள். ‘உள்ள விடுவாங்களா?’ என்று கேட்க வேண்டிய தேவை இல்லாத ஓர் இடத்துக்கு அம்மாவை அழைத்துச் சென்று, முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஆவன செய்ய வல்லவர்கள் சிந்திப்பார்களாக!