300 முட்டை 44 ஆன கதை

நாமக்கல் என்றாலே முட்டைதான். ஒரு ட்ரேக்கு 30 முட்டை, பத்து ட்ரேக்கு 300. அந்த ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் பாஷ் ஷெல்லைக் கேட்டால் 44 என்று சொல்லும்! கிண்டல் இல்லை, நிஜம்தான்.

சேலம் பக்கம் ஒரு கல்லூரி மாணவர், கோழிப்பண்ணைக் கணக்குக்காக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சி மொழி படித்த பழக்கத்தில், ட்ரே எண்ணிக்கையை 30-ஆல் பெருக்கி, விடையை 'ரிட்டர்ன்' போட்டுத் திருப்பி அனுப்புகிறார். எட்டு ட்ரே கொடுத்தால் 240. சரி. ஒன்பது கொடுத்தால் 270 வரவேண்டும், வருவதோ 14. பத்துக்கு 44. பிழைச் செய்தி எதுவும் கிடையாது.

காரணம் இதுதான். ஷெல்லில் ரிட்டர்ன் என்பது விடை சொல்லும் வழி அல்ல. வேலை நல்லபடியாக முடிந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும் வழி. 0 என்றால் வெற்றி, மற்ற எண்கள் எல்லாம் தோல்வி. யூனிக்ஸில் இந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் எட்டு பிட். அதாவது 0 முதல் 255 வரை. 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ், ஃபங்ஷன்களையும் இதே அளவில்தான் வைத்திருக்கிறது. பழைய லாரிகளின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு மறுபடி சைபரில் தொடங்குமே, அதே கதை. 300-ல் 256 போக மீதி 44.

முட்டைக் கணக்கு தப்பினால் கண்ணில் பட்டுவிடும். ஆனால் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று, காப்பி ஆகாத கோப்புகளின் எண்ணிக்கையை ரிட்டர்ன் செய்தால்? 255 கோப்பு போனால் தோல்வி. 256 போனால் 0.. 'வெற்றி'!

2012-ல் மைஎஸ்க்யூஎல்லில் வெளியான ஓட்டையும் இந்த ஜாதிதான். அது ஷெல் அல்ல, ஆனால் நோய் ஒன்றே. கடவுச்சொல்லை ஒப்பிடும் ஃபங்ஷன் தந்த எண்ணை எட்டு பிட்டுக்குள் சுருக்கியதால், சில கணினிகளில் தவறான கடவுச்சொல்லும் சுமார் 256-ல் ஒரு தடவை ஏற்கப்பட்டது. பயனர் பெயர் தெரிந்து, விடாமல் முயன்றால் சில நொடிகளில் உள்ளே போய்விடலாம்.

சரி, எப்படிப் பிடிப்பது?

1. எண்ணோ பெயரோ வேண்டுமென்றால் ஃபங்ஷனில் 'எக்கோ' செய்து, வெளியே $( ) போட்டு வாங்கவும்.

2. அதே ஃபங்ஷனுக்குள் சோதனைக்காகப் போடும் எக்கோவும் விடையோடு கலந்துவிடும். அதன் பின்னால் >&2 சேர்த்துப் பிழைச் செய்திகள் போகும் வழியில் அனுப்பவும்.

3. $? என்பது அடுத்த கட்டளை ஓடியதுமே மாறிவிடும். உடனே ஒரு மாறியில் பிடித்து வைக்கவும்.

4. 'லோக்கல்' வரியிலேயே $( ) எழுதினால், பிறகு $? காட்டுவது லோக்கலின் வெற்றியை. ஃபங்ஷனின் தோல்வி மறைந்துவிடும். லோக்கல் ஒரு வரி, $( ) அடுத்த வரி என்று பிரித்து எழுதவும்.

5. அப்படியும் புரியவில்லையா? 'செட் -எக்ஸ்' போட்டு ஓட்டினால் ஷெல் என்ன செய்கிறது என்பது வரிவரியாகத் தெரியும்.

கணக்குக்கு எக்கோ, நிலைமைக்கு ரிட்டர்ன். இவ்வளவுதான் விஷயம். இன்னொன்று.. அந்த மாணவர் எட்டு ட்ரேயோடு சோதனையை நிறுத்தியிருந்தால், எல்லாம் சரி என்றே பண்ணையில் கொடுத்துவிட்டு வந்திருப்பார். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் ஒன்பதாவது ட்ரேயையும் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது!